மணலில் அடித்த கூடாரம்

பழங்காநத்தம்,
18-9-78

தம்பி மலையாண்டிக்கு அக்கா பாண்டியம்மாள் எழுதிக்கொண்டது. நானும் உன் மச்சானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உனக்கு வயிற்றுவலி தேவலையா? காளை வேளைக்குச் சாப்பிடுகிறானா?

இங்கே இருந்தவரை பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு சினிமாக் கொட்டகை வாசலில் நின்றவன், உன்னோடு வந்து மூன்று மாதத்தில் தானாகக் கடிதம் எழுதுகிறான். உன் மச்சான் விறகுக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதை வாசித்துக் காட்டினார். காலாண்டு லீவில் நீ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சாப்டூர் மலைக்குப் போய் இரண்டு ராத்திரி தங்கப்போவதாக எழுதியிருந்தான். அந்த வரிக்கு வந்ததும் இவருடைய முகம் மாறிவிட்டது.

"யாரு யாரு வாரானுகன்னு கேளு. விடுதிப் பயலுகளும் வந்தா சோறு தண்ணி தனித்தனியா இருக்கணும். இல்லேன்னா நான் வந்து பயலக் கூட்டியாந்துருவேன்" என்கிறார். அவர் சொன்னதை எழுதிவிட்டேன். இதை வைத்து என்னோடு சண்டைக்கு வராதே. எனக்கு இருப்பது ஒரே பிள்ளை. மலை, பாறை, பாம்பு. அதுதான் என் பயம்.

பதில் போடு.

பாண்டியம்மாள்

*

மேலப்பட்டி, பேரையூர் வழி,
24-9-78

அக்காவுக்கு மலையாண்டி எழுதியது. வயிற்றுவலி போய்விட்டது. காளை உன் வீட்டில் சாப்பிட்டதைப்போல இரண்டு பங்கு சாப்பிடுகிறான். நீங்கள் இருவரும் நலம் என்றறிந்ததில் நிம்மதி.

மலைக்கு வருவது பதினெட்டுப் பேர். ஊர்ப் பையன்கள் பன்னிரண்டு, அரசு விடுதிப் பையன்கள் ஆறு. துணைக்குக் கணக்கு வாத்தியார் காசிமாயன் வருகிறார். ஒரு மாதமாகக் கண்மாய்க்கரையில் கூடாரம் அடித்துப் பழகுகிறோம். எங்கே அடிக்க வேண்டும், எங்கே கூடாது, வழி தவறினால் என்ன செய்வது எல்லாவற்றையும் நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன். இதில் சூரன் முத்திருளன் என்ற விடுதிப் பையன். வீடு இந்த ஊர்க் காலனியில்தான், சோற்றுக்காக விடுதியில் இருக்கிறான். ஒன்பதாவதில் காளையோடு ஒரே பெஞ்சு. அவன் முடிச்சுப் போட்டால் அவனே வந்தால்தான் அவிழும். உன் மகன் போட்ட கூடாரம் முதல்நாள் ஓர் ஆடு உரசியதில் சாய்ந்தது. "ஆடு சும்மாதான்டா போச்சு, நீ அதுமேல கூடாரத்தச் சாச்சுட்ட" என்று முத்திருளன் சொல்ல, இருவரும் கரையில் உருண்டு சிரித்தார்கள்.

மச்சானிடம் சொல். மலையில் ஒரு குண்டான், ஒரே பந்தி. இந்த ஊர் டீக்கடையில் இன்னும் இரண்டு வகைக் கிளாஸ் தொங்குகிறது. அதை என்னால் இன்று உடைக்க முடியாது. ஆனால் ஊரைவிட்டு மூவாயிரம் அடி மேலே போயும் அந்தக் கிளாஸையே தூக்கிக்கொண்டு போகவேண்டுமா? இந்தப் பையன்கள் மூன்று நாள் ஒரு பானையில் தண்ணீர் குடித்துவிட்டு இறங்கட்டும். நான் டிரில் மாஸ்டராக வந்ததற்கு அது ஒன்று போதும்.

காளையைப் பற்றிக் கவலைப்படாதே. அவன் என் கண்ணிலேயே இருப்பான்.

தம்பி,
மலையாண்டி

*

மேலப்பட்டி,
9-10-78

அக்கா,

காளை நன்றாக இருக்கிறான். யார் என்ன சொன்னாலும் பயப்படாதே. சனிக்கிழமை ஓடையில் வெள்ளம் வந்து ஒரு பையன் இறந்துவிட்டான். முத்திருளன். நீயோ மச்சானோ வந்து காளையைக் கூட்டிப் போனால் நல்லது. அவன் இங்கே தூங்குவதில்லை.

மலையாண்டி

*

பழங்காநத்தம்,
20-10-78

தம்பிக்கு,

இருக்கிறோம். நீ சாப்பிடுகிறாயா என்று கேட்கவே தயக்கமாக இருக்கிறது. அன்றைக்கு நான் வந்தபோது நீ வாசலில் நின்றபடியே பையைக் கொடுத்து அனுப்பிவிட்டாய். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

காளை பேசுவதே இல்லை. கொடுத்தால் சாப்பிடுகிறான். தெருக்குழாயில் குடம் நிறைந்து வழிந்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறான். வேப்பிலை அடித்துப் பார்த்தோம், டாக்டரிடம் காட்டினோம். "அதிர்ச்சி, போகப் போகச் சரியாகும்" என்கிறார்.

உன் மச்சான் பேப்பரில் வந்ததை வாசித்தார். அந்தப் பையன் ஆசிரியர் சொல்லை மீறிக் குளிக்க இறங்கி மாட்டிக்கொண்டான் என்று போட்டிருந்தது. "சொன்ன பேச்சு கேக்காத பய. பாவம், என்ன செய்ய" என்றார். அதைக் கேட்டதும் காளை தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

எனக்கு ஒன்று புரியவில்லை. ஒரே பந்தி, ஒரே இடம் என்றுதானே எழுதினாய். எல்லாரும் ஓர் இடத்தில் இருந்தால் அந்தப் பிள்ளை மட்டும் எப்படித் தண்ணீரில் போனான்? நீ எனக்கு எழுது. நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.

பாண்டியம்மாள்

*

மேலப்பட்டி,
6-11-78

அக்காவுக்கு,

உடம்பு பரவாயில்லை. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. தீபாவளிக்கு வராததற்கு மச்சானிடம் வருத்தம் சொல். இங்கே நல்ல மழை. கண்மாய் முக்கால்வாசி நிறைந்துவிட்டது. பருத்திக்கு இது போதும் என்கிறார்கள்.

நடந்தது பேப்பரில் வந்ததுதான். தலைமையாசிரியர் எழுதித் தயாராக வைத்திருந்தார், நானும் காசிமாயன் சாரும் கையெழுத்துப் போட்டோம். ஜனவரியில் ஒரு விசாரணை இருக்கிறதாம். வெறும் சடங்கு என்கிறார் தாளாளர். கூட வந்த விடுதிப் பையன்கள் ஐந்து பேரையும் வேறு ஊர் விடுதிகளுக்கு மாற்றிவிட்டார்கள்.

முத்திருளனின் அப்பா சுருளி தினமும் பள்ளிக்கூடத்துக்கு வருகிறார். காட்டு வேலைக்குப் போகிற மனுஷன். சத்தம் போடுவதில்லை, அழுவதில்லை. கேட்டுக்கு வெளியே துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். நான் போனால் ஒரே கேள்விதான்.

"சார், எம்மகன் உங்க பேச்ச மீறினானா? வீட்டுல ஒரு சொல்லு மீறமாட்டானே. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அது மட்டும் தெரிஞ்சாப் போதும்."

நேற்று பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்து வீட்டுக்கு வந்தேன்.

காளைக்கு முட்டை கொடு. படிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதே.

மலையாண்டி

*

பழங்காநத்தம்,
15-11-78

தம்பி,

எல்லாரும் இருக்கிறோம். காளை பேசிவிட்டான்.

நேற்று மத்தியானம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அம்மா, அவன் குளிக்கப் போகல. அரிசியத் தூக்கிட்டு வந்தான்" என்றான். அதன்பிறகு நிறுத்தவே இல்லை. அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பொய்யென்றால் பொய்யென்று எழுது.

மேலே பாறைத்திட்டில் இரண்டு கூடாரம், கீழே ஓடை மணலில் ஒரு கூடாரம். கீழே விடுதிப் பையன்கள். அங்கே அடிக்கச் சொன்னது மாமா. மறுநாள் எல்லாரும் உச்சிக்குப் போனபோது மேலே காவலுக்குக் காளை, கீழே முத்திருளன். இருந்த இடத்திலிருந்தே கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்களாம். வெயில் அடித்துக்கொண்டிருந்ததாம். திடீரென்று மேலே மரம் முறிகிற மாதிரிச் சத்தம் கேட்டு, செம்மண் கலரில் தண்ணீர் வந்ததாம். இவன் கத்தியிருக்கிறான். அந்தப் பிள்ளை வெளியே வந்து பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய், அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தானாம். அதற்குள் இடுப்பளவு தண்ணீர். காளை கூடாரக் கயிற்றை அவிழ்த்து வீசியிருக்கிறான். கயிறு கைக்கு எட்டிவிட்டது. ஆனால் பிடிக்க வேண்டுமென்றால் மூட்டையை விடவேண்டும்.

"சார் வைவாருடா" என்று கத்தினானாம். அவ்வளவுதான்.

தம்பி, உன்னிடம் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. இதைக் கேட்டு அழுதபோதே எனக்குள் வேறொன்றும் வந்தது. நீ பிரித்துவைத்ததால்தானே என் பிள்ளை மேலே இருந்தான், உயிரோடு இருக்கிறான். அதற்கு உன்னைக் கும்பிடத் தோன்றியது. தோன்றிய அடுத்த நிமிஷம் என் வாயில் நானே அடித்துக்கொண்டேன். நான் என்ன பொம்பளை?

அந்தப் பிள்ளையின் அம்மா பெயர் என்ன? எனக்குத் தெரியவேண்டும்.

பாண்டியம்மாள்

*

பழங்காநத்தம்,
10-12-78

தம்பிக்கு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதாவது என்றால் யாரிடமாவது சொல்லி அனுப்பு.

உன் மச்சானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "போட்ட கையெழுத்து போட்டபடியே இருக்கட்டும். மாத்திச் சொன்னா இவன் உள்ள போவான், வேலை போகும். செத்தவன் எந்திரிச்சா வரப்போறான்?" என்றார். அவர் சொன்னது எனக்கும் சரியென்றுதான் பட்டது. உனக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லை. அம்மா அப்பா இல்லாமல் உன்னை வளர்த்தவள் நான். விசாரணையில் நீ ஒன்றும் பேசவேண்டாம். உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

காளைக்கும் சொல்லிவிட்டேன், யாரிடமும் வாய் திறக்கக் கூடாதென்று. என்னை ஒரு பார்வை பார்த்தான். அவ்வளவுதான்.

பாண்டியம்மாள்

*

மேலப்பட்டி,
19-12-78

அக்கா,

நலமாக இருக்கிறேன் என்று எழுதினால் பொய். காளை சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அவனுக்குத் தெரியாததை நான் எழுதுகிறேன்.

முதல்நாள் மூன்று மணிக்கு அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மேலே பாறைக்குழியில் தண்ணீர் தேங்கிய ஒரு கிடங்கு, அதை ஒட்டிப் பாறைத்திட்டு. ஐந்து கூடாரம் அடிக்கலாம், அவ்வளவு இடம். விடுதிப் பையன் ஒருவன் போசியை எடுத்துக்கொண்டு கிடங்கில் முக்கப் போனான். உடனே ஊர்ப் பையன்கள் நான்கு பேர் பையைத் தூக்கித் தோளில் போட்டார்கள். தாளாளரின் தம்பி மகன்தான் பேசினான். "அவனுக முக்குன தண்ணிய நாங்க குடிக்க மாட்டோம் சார். ஊருக்குப் போயி எங்க பெரியப்பாகிட்டச் சொல்லிருவோம்." பதினைந்து வயது, அக்கா. மீசைகூட முளைக்கவில்லை.

நான் முடியாது என்றேன். காசிமாயன் சார் என்னைத் தனியே கூப்பிட்டார். "தம்பி, மேத்தண்ணி இவனுகளுக்கு, கீழ்த்தண்ணி அவனுகளுக்கு. ஊருல எப்படியோ அப்படி. மூணு நாளு. இதுக்குப் போயி வேலைய விடப்போறீகளா?" என்றார். எவ்வளவு நேரம் எதிர்த்தேன் தெரியுமா? ஒரு பீடி குடித்து முடிக்கிற நேரம்கூட இருக்காது.

கீழே பாறை இறங்கினால் தட்டையாக இருந்தது அந்த மணல் ஒன்றுதான். காய்ந்த ஓடையில் கூடாரம் அடிக்கக் கூடாது என்பதுதான் பயிற்சியில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். கண்மாய்க்கரையில் நான் பையன்களுக்குச் சொன்ன முதல் பாடமும் அதுதான். முத்திருளன் நோட்டில் அது இருக்கிறது. நான் விடுதிப் பையன்களைக் கூப்பிட்டு, "கீழ மணல் மெத்துன்னு இருக்குடா, நீங்க அங்க அடிச்சுக்கங்க" என்றேன். நல்ல இடத்தை அவர்களுக்குக் கொடுக்கிற மாதிரிச் சிரித்துக்கொண்டு சொன்னேன். முத்திருளன் மணலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "சரி சார்" என்றான். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஓடையில் அடிக்கக் கூடாது என்பதும் தெரியும், எதற்காக அடிக்கச் சொல்கிறேன் என்பதும் தெரியும்.

காளை தன் போர்வையை எடுத்துக்கொண்டு அவனோடு கிளம்பினான். நான்தான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "உங்கப்பனுக்கு யாருடா பதில் சொல்றது?" என்றேன்.

மறுநாள் உச்சிக்குப் போகும்போது முத்திருளனிடம் நின்று சொன்னேன். "குரங்கு வரும். அரிசி உன் பொறுப்பு. நான் வார வரைக்கும் இந்த எடத்த விட்டு அசையக் கூடாது." அவன் அசையவில்லை. எங்கள் தலைக்குமேல் வெயில். மேற்கே வெகு தொலைவில் கறுத்திருந்ததைப் பார்த்தேன். இங்கே பெய்யாது என்று நினைத்தேன். அடுத்த நாள் காலையில் ஓடையில் மூன்று வளைவு தாண்டி ஆடு மேய்ப்பவர்கள் அவனைக் கண்டெடுத்தார்கள்.

மச்சான் போட்ட நிபந்தனை, நீ எழுதிய கடிதம் என்று பழியைப் பங்குபோட நிறைய நாள் முயன்றேன். அது நடக்கவில்லை. நீங்கள் சொன்னீர்கள். செய்தவன் நான். பெரிதாகப் பேசிவிட்டு, நாலு பையன்கள் பையைத் தூக்கியதும் மடங்கிப்போனவன் நான்.

அவன் அம்மா பெயர் இருளாயி.

மலையாண்டி

*

பழங்காநத்தம்,
5-1-79

தம்பிக்கு,

இருக்கிறோம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிட்டேன். மச்சானிடம் காட்டவில்லை.

புதன்கிழமை காலையில் காளையைக் காணவில்லை. பஸ் ஸ்டாண்டு, கொட்டகை எல்லா இடத்திலும் தேடினோம். பொழுது சாயும் நேரத்தில் வந்து சேர்ந்தான். முழங்கால்வரை புழுதி. அவன் அப்பா அடிக்கக் கை ஓங்கினார். விலகாமல் நின்றான். எங்கே போனாய் என்பதற்குப் பதிலே இல்லை. ஆனால் அன்றைக்குத் தானாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

விசாரணை இந்த மாதம் என்றாயே. பேசாதே என்று முன்பு எழுதினேன். பேசு என்று எழுதவும் கை வரவில்லை. உன் இஷ்டம்.

பாண்டியம்மாள்

*

மேலப்பட்டி,
20-1-79

அக்காவுக்கு மலையாண்டி எழுதுவது. நீ, மச்சான், காளை மூவரும் சுகமாக இருக்கவேண்டும்.

விசாரணையில் எல்லாவற்றையும் சொன்னேன். காசிமாயன் சார் தலையைக் குனிந்துகொண்டார். ஏன் கீழே அடித்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். சொன்னேன். எழுத்தர் எழுதியதை வாங்கிப் பார்த்தால், 'மேலே இடப் பற்றாக்குறை காரணமாக' என்று இருக்கிறது. ஐந்து கூடாரத்துக்கு இடம் இருந்தது, அப்படி எழுதாதீர்கள் என்றேன். "தம்பி, போன உசுரு போயிருச்சு. இதச் சாதிப் பிரச்சினையாக்காதீக" என்றார் அதிகாரி. நல்ல மனுஷர்தான், எனக்கு டீ கூட வாங்கிக் கொடுத்தார். அந்தத் தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. வெள்ளைத்தாள் வாங்கி என் கையால் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாளே தற்காலிக வேலைநீக்க உத்தரவு வந்தது. போலீஸ் வழக்கும் வரும். தாளாளரின் தம்பி மகனுக்கு ஒன்றும் வராது. அவன் அடுத்த வருஷம் பத்தாவது.

எழுதியதன் நகலை எடுத்துக்கொண்டு நேற்று காலனிக்குப் போனேன். இரண்டு வருஷம் இந்த ஊரில் இருக்கிறேன், அந்தத் தெருவுக்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. சுருளி கூரை வேய்ந்துகொண்டிருந்தார். இறங்கவில்லை. மேலே இருந்தபடியே, "ஒங்க அக்கா மகன் வந்து அம்புட்டையும் சொல்லிட்டுப் போயிட்டான் சார். மதுரையில இருந்து ஒத்தையில வந்தான். நீங்க இங்க இருந்து வார்றதுக்கு இம்புட்டு நாளாச்சு" என்றார்.

காளையை அடிக்காதே அக்கா. அவன் போனது அங்கேதான்.

பிறகு இறங்கி வந்து, "வாசிங்க" என்றார். இருளாயி கதவருகே நின்றாள். வாசித்தேன். "மாணவன் முத்திருளன் என் சொல்லை மீறவில்லை. நான் சொன்ன இடத்தில்தான் கூடாரம் அடித்தான். நான் இருக்கச் சொன்ன இடத்தில்தான் இருந்தான்." சுருளி அந்த இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்ததும் தாளை வாங்கி மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு மறுபடி கூரைமேல் ஏறிவிட்டார். வையவில்லை. வைதிருந்தால் தேவலை.

நான் கிளம்பினேன். தெருமுனைவரை இருளாயி பின்னாலேயே வந்தாள். அவள் கேட்டதை உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

"அரிசியப் பாத்துக்கடான்னு சொன்னீகள்ல சார், அப்பவே 'உசுருக்கு ஏதும்னா போட்டுட்டு ஓடியாந்துரு'ன்னு ஒரு வார்த்த சேத்துச் சொல்லியிருக்கலாமுல்ல? நீங்க சொன்னதத்தான செய்வான். அதையும் செஞ்சிருப்பான்."

அவள் வேலைக்கு நேரமாயிற்று என்று திரும்பிப் போய்விட்டாள்.

மலையாண்டி